கண்ணை மட்டும் விட்டுடுங்க

பச்சையம்மாளின் கையால் அறை வாங்கியவர்கள் ஈஜிபுராவில் நாலைந்து பேராவது தேறுவார்கள். தண்ணீர் லாரி வரிசையில் குடத்தை இடையில் நுழைத்த ஒருத்தி, ஷேர் ஆட்டோவில் வேண்டுமென்றே உரசிய ஒருத்தன், வீடு இல்லை என்று சொன்னதோடு நிற்காமல் ஊரைச் சொல்லித் திட்டிய ஒரு புரோக்கர். பதினாலு வருஷமாகப் பொம்மசந்திராவில் ஒரு கார்மெண்ட்ஸில் ஜீன்ஸ் துணியை மெஷினுக்குள் தள்ளித் தள்ளி உரமேறிய கை அது. உள்ளங்கை காய்த்துப் பலகை மாதிரி இருக்கும். அந்தக் கையைப் பற்றி அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. பொய் சொல்வானேன்.

ஆனால் அந்தக் கையை அதிகம் கண்டது வெளியாள் இல்லை. அவள் பெற்ற ஒரே மகள் சிந்துதான். ஆறாம் வகுப்பில் ஆரம்பித்தது, ஒன்பதாம் வகுப்பு வரைக்கும் ஓயவில்லை. கை வலித்தால் ஸ்டீல் ஸ்கேல், ஸ்கேல் வளைந்தால் தோசைக் கரண்டி, கரண்டி அகப்படாவிட்டால் காலில் கிடக்கிற செருப்பு. என்ன ஜென்மமடா இது என்று தோன்றுகிறதா? பச்சையம்மாள் குடிகாரி இல்லை, பைத்தியம் இல்லை, மாற்றாந்தாயும் இல்லை. பெண் நன்றாகப் படிக்க வேண்டும் என்பதற்காக அடித்தாள். அடித்தால்தான் மண்டையில் ஏறும் என்று மனதார நம்பினாள். வயிற்றெரிச்சலே அதுதான்.

அந்த நம்பிக்கை அவளுக்குப் பிறந்த வீட்டிலேயே வந்துவிட்டது. போளூர் பக்கம் ஒரு ஊர். அப்பனுக்கு இரண்டு பிள்ளைகள், மூத்தவன் ஷங்கர், இளையவள் இவள். ஷங்கர் ஒரு தடவை கணக்கில் ஃபெயிலானபோது அப்பன் அவனை மாட்டுக் கொட்டகை விட்டத்தில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டு, புளியம்விளாறால் முதுகு பிய்ந்து போகும்வரை விளாசினான். கீழே மிளகாய்ப் புகை வேறு. பன்னிரண்டு வயதுப் பையன் கத்திக் கத்திக் குரல் செத்து, கடைசியில் வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. எட்டு வயதுப் பச்சையம்மாள் கொட்டகை வாசலில் நின்று அத்தனையும் பார்த்தாள். அதற்கப்புறம் ஷங்கர் படித்தான். ரயில்வேயில் வேலை வாங்கினான். இன்றைக்கு ஜோலார்பேட்டையில் குவார்ட்டர்ஸ், ஃபிரிட்ஜ், மோட்டார் சைக்கிள் என்று இருக்கிறான்.

பச்சையம்மாள் எட்டாம் வகுப்பில் ஃபெயிலானபோது அப்பன் அடிக்கவில்லை. ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. வெற்றிலையை மென்றுகொண்டே, "சரி, நாளையிலருந்து களையெடுக்கப் போ" என்றான். சோறு அடிப்பிடித்ததற்கு அடித்தவன், ஆடு வேலி தாண்டியதற்கு அடித்தவன், படிப்புக்காக மட்டும் அவளை ஒரு தடவைகூடத் தொடவில்லை. அதை அவள் மறக்கவே இல்லை. அண்ணனை அடித்தான், அண்ணன் ஆபீசரானான். என்னை விட்டுவிட்டான், நான் மெஷின் மிதிக்கிறேன். ஆயுசுக்கும் அவள் எழுதிவைத்துக்கொண்ட தீர்ப்பு இதுதான். அப்பன் செத்தபோது ஷங்கர் வந்து கொள்ளி வைத்துவிட்டு, வீட்டுப் படி மிதிக்காமல் சுடுகாட்டிலிருந்தே ரயிலேறிப் போனதையும் அவள் பார்த்தாள். லீவு கிடைத்திருக்காது என்று நினைத்துக்கொண்டாள்.

ஆகவே சிந்துவை ஈஜிபுரா மெயின் ரோட்டில் இருந்த இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்த்த அன்றைக்கு, வகுப்பு டீச்சர் பெர்னதெத்தின் மேஜைக்கு முன்னால் மகளைத் தள்ளி நிறுத்தினாள். பெர்னதெத் மிஸ் பிரேசர் டவுனிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவர். ஐம்பதைத் தாண்டியவர். மூக்கில் பாதி இறங்கிய கண்ணாடி, கஞ்சி போட்ட காட்டன் புடவை, பாடம் சயின்ஸ்.

"மிஸ், இவ உங்க பொண்ணு மாதிரி. படிக்கலன்னா ஈவு இரக்கமே பாக்காதீங்க. கண்ணை மட்டும் விட்டுடுங்க. மத்தபடி தோலை உரிச்சு உப்பு தடவுனாலும் ஏன்னு கேக்க மாட்டேன்."

நம் ஜனங்கள் வாத்தியாரிடம் காலம் காலமாகச் சொல்கிற வார்த்தைதானே இது. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுவதும் இதைச் சொல்வதும் ஒரே சடங்கு. பெர்னதெத் மிஸ் இருபத்தாறு வருஷத்தில் இதை ஆயிரம் தடவை கேட்டிருப்பார். "சரிம்மா, நான் பாத்துக்கறேன்" என்று சிரித்துக்கொண்டே ரெஜிஸ்டரைப் புரட்டினார். அந்தச் சிரிப்பைப் பச்சையம்மாள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள். பதினொரு வயதுச் சிந்து இரண்டு கண்ணையும் ஒரு தடவை இறுக மூடித் திறந்தாள். ஒவ்வொரு ஜூன் மாதமும் பச்சையம்மாள் அரை நாள் லீவு போட்டுப் போய், அதே மிஸ்ஸிடம் அதே வார்த்தையைச் சொல்லிவிட்டு வருவாள்.

அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு டெஸ்டுக்கும் பிறகு மார்க் வரிசைப்படி பெஞ்சை மாற்றுவார்கள். முதல் ஆறு பேர் முதல் பெஞ்சு, அப்புறம் அடுத்த ஆறு பேர், இப்படியே போய் மிச்சம் மீதியெல்லாம் கடைசிப் பெஞ்சில் விழும். ரோஷம் வந்து படிப்பார்கள் என்று கணக்கு. ஆறாம் வகுப்பு முழுக்கச் சிந்து இரண்டாவது மூன்றாவது பெஞ்சில்தான் இருந்தாள். மோசமென்று யாரும் சொல்ல முடியாது. பச்சையம்மாளுக்குத்தான் போதவில்லை. முதல் பெஞ்சு எங்கே, முதல் பெஞ்சு எங்கே என்று விழுந்தது அடி.

ஏழாம் வகுப்பில் இரண்டாவது டெஸ்ட் மார்க் வந்த நாள் ஒன்று உண்டு. அன்றைக்கு ஃபாக்டரியில் ஒரு கட்டு பேண்ட் தையல் கோணி விட்டது. லைன் சூப்பர்வைசர் அந்தக் கட்டை அப்படியே தூக்கிப் பச்சையம்மாளின் முகத்தில் எறிந்தான். ஜிப் கிழித்து மூக்கில் ரத்தம். "கத்தே! கத்தே!" என்று கன்னடத்தில் அவளைக் கழுதையாக்கினான், அறுபது பெண்கள் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஈஜிபுராவையே அடக்குகிற அந்தக் கை அங்கே மடியில் கிடந்தது. திரும்பி வருகிற வேனில் போனைத் திறந்தால் வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் மார்க் வந்திருக்கிறது. மேத்ஸ், சிந்து, முப்பத்தொன்று.

வீட்டு வாசலில் அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. சிந்து "அம்மா" என்று எழுந்து நின்றதுதான் தாமதம், ஓங்கி ஒரு அறை. இடது கன்னத்தையும் காதையும் சேர்த்து அந்தப் பலகைக் கை மூடியது. பெண் கேஸ் சிலிண்டரில் போய் மோதிச் சரிந்தாள். சரிந்தவளின் இடுப்பில் இரண்டு உதை, சடையைப் பிடித்துத் தூக்கி முதுகில் நாலு. கோரமங்களாவில் ஒரு அபார்ட்மெண்டில் செக்யூரிட்டியாக இருக்கிற புருஷன் கோவிந்தராஜன் டீ டம்ளரும் கையுமாக எழுந்தான்.

"விடு பச்சி! புள்ள செத்துறப் போவுது."

"சாவட்டும்! முப்பத்தொண்ணு வாங்குறதுக்கு சாவறதே மேலு! நான் எவன் எவன் கிட்டயோ கழுதை நாயின்னு பேச்சு வாங்கினு வரேன், இவ நோவாம முப்பத்தொண்ணு வாங்கினு வராளா?"

சிந்து எழுந்து உட்கார்ந்து தலையை ஒரு பக்கமாக ஆட்டி ஆட்டிப் பார்த்தாள், காதுக்குள் பூச்சி புகுந்தவள் மாதிரி. நடிப்பைப் பார் என்று அதற்கு ஒரு குட்டு. காலையில் தலையணை உறையில் கடுகளவு ரத்தம் இருந்தது. உதடு கிழிந்திருக்கும் என்று பச்சையம்மாள் அதைத் துவைத்துப் போட்டாள்.

இரண்டு நாள் கழித்து, "அம்மா, காது வலிக்குது" என்று பெண் முனகினாள். அடித்த கையே இப்போது ஓடி ஓடி வைத்தியம் பார்த்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். நல்லெண்ணெயில் இரண்டு பல் பூண்டைத் தட்டிப்போட்டுக் காய்ச்சி, சூடு ஆறும் முன்னே மகளை மடியில் படுக்க வைத்துக் காதில் ஊற்றினாள். சிந்து வீல் என்று அலறி அவள் தொடையைக் கடித்துவிட்டாள். "குளிர்காத்து பூந்திருக்குதுடி, பொறுத்துக்கோ, சரியாயிடும்" என்று தலையைத் தடவி, பஞ்சை அடைத்தாள். பத்து நாள் தொடர்ந்து எண்ணெய். அப்புறம் அந்தக் காதில் அவ்வப்போது சீழ் வடிய ஆரம்பித்தது. சளி என்றாள் பச்சையம்மாள். பஞ்சை மாற்றினாள்.

அதிலிருந்து சிந்து இறங்கினாள். மூன்றாவது பெஞ்சு, ஐந்தாவது பெஞ்சு, எட்டாம் வகுப்பு வந்தபோது கடைசிப் பெஞ்சு. கடைசிப் பெஞ்சுக்கு வலது பக்கம் ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே மெயின் ரோடு, அதில் வருஷக்கணக்காக முடியாத மேம்பாலத்து வேலை, நாள் முழுக்கக் கல் உடைக்கிற மெஷின். பெர்னதெத் மிஸ் நோட்ஸை நடந்துகொண்டே வாயால் சொல்வார், பிள்ளைகள் எழுத வேண்டும். சிந்து மிஸ்ஸின் வாயைப் பார்த்துப் பார்த்து எழுதுவாள். மிஸ் போர்டு பக்கம் திரும்பிவிட்டால் பேனா நின்றுவிடும். பக்கத்துப் பெண்ணின் நோட்டை எட்டிப் பார்த்தால், "சிந்து, காப்பி அடிக்காதே" என்று முன்னாலிருந்து குரல் வரும். பெர்னதெத் மிஸ் அடித்ததில்லை. பின்னால் தள்ளினார், அவ்வளவுதான். பின்னால் போன பிள்ளைகளை அப்புறம் யார் திரும்பிப் பார்க்கிறார்கள்?

வீட்டில் வேறு மாதிரி. பச்சையம்மாள் அடுப்படியிலிருந்து கூப்பிட்டால் பெண் திரும்புவதில்லை. மூன்றாம் தடவை கத்தினால் "ஆங்?" என்பாள். அந்த "ஆங்?" பச்சையம்மாளுக்கு உச்சந்தலையில் நெருப்பு வைக்கும்.

"இன்னாடி ஆங்? பெரிய மகாராணி, மூணு தபா கூப்புடணுமா உன்னை? திமிரு! உடம்பு முழுக்கத் திமிரு!"

அதற்கும் அடி. நோட்டைத் திறந்தால் வரிக்கு வரி இடைவெளி, பாதி வாக்கியம், அப்புறம் வெற்றுக் கோடு. இங்கிலீஷ் படிக்கத் தெரியாவிட்டால் என்ன, வெற்றிடம் கண்ணுக்குத் தெரியாதா? அந்த வெற்றிடம் ஒவ்வொன்றுக்கும் தொடையில் ஸ்கேல் தழும்பு விழுந்தது. படிக்கவில்லை என்று அடி, அடியால் பயம், பயத்தில் படித்ததும் மறதி, மறந்ததற்கு மறுபடியும் அடி. சிந்து அழுவதைக்கூட நிறுத்திவிட்டாள். அடி விழும்போது முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு சும்மா நிற்பாள். அதையும் திமிர் என்றுதான் பச்சையம்மாள் எடுத்துக்கொண்டாள்.

ஒன்பதாம் வகுப்பு அரையாண்டில் ஆறு பாடத்தில் நாலில் ஃபெயில். ஹெட்மாஸ்டர் சீனிவாசராகவன் தாய் தகப்பன் இருவரையும் கூப்பிட்டனுப்பினார். மெதுவாகப் பேசுகிற மனிதர், மூன்று தலைமுறையாக இந்த ஊர்.

"இங்க பாருங்கோம்மா. பத்தாவதுல எங்க ஸ்கூல் நூறு பர்சண்ட். இவ இப்படியே போனா நான் மேல ஏத்த மாட்டேன். ஏப்ரல்ல டி.சி. வாங்கிண்டு வேற எடம் பாத்துக்கோங்கோ."

வேறு இடம் எது என்று பச்சையம்மாளுக்குத் தெரியும். ஒன்பதாவதில் தள்ளிவிடப்பட்ட பெண்கள் வருகிற இடத்தில்தான் அவளும் வேலை பார்க்கிறாள். பதினைந்து வயதைப் பதினெட்டு என்று எழுதிக்கொண்டு வந்து, நூல் வெட்டுகிற வரிசையில் தலை குனிந்து நிற்கிற குட்டிகளை அவள் தினம் பார்க்கிறாள். அந்த வரிசையில் சிந்துவை நிறுத்திப் பார்த்தாள். மூக்கில் ஜிப் கிழித்த தழும்பு எரிந்தது. அவளுக்கு வாழ்க்கையில் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான், அவள் மகள் அந்த கேட்டுக்குள் நுழையக் கூடாது. அதற்காக அவளுக்குத் தெரிந்த ஒரே வழியை அன்றைக்கு வீட்டுக்கு வந்து மறுபடியும் செய்தாள். இந்தத் தடவை ஸ்கேல் இரண்டாக மடங்கியது.

ஜனவரியில் சிந்துவுக்கு ஜுரம் கண்டது. காதிலிருந்து வடிவது நாற்றம் அடித்தது. முகத்தின் இடது பக்கம் வீங்கிவிட்டது. கோவிந்தராஜன் அன்றைக்குத்தான் மறுபடியும் வாயைத் திறந்தான்: "பச்சி, பஞ்சு வெச்சது போதும். ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போ."

காது டாக்டர் ஸ்ரீலக்ஷ்மி சின்ன வயது. லைட் வைத்த குழாயால் காதுக்குள் பார்த்தார். பிறகு சிந்துவின் பின்னால் போய் நின்று, வலது காதைப் பொத்திக்கொண்டு, "உன் பேர் என்ன?" என்று கேட்டார். சிந்து பேசாமல் இருந்தாள். கொஞ்சம் உரக்கக் கேட்டார். அப்போதும் சிந்து சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செவிப்பறை கிழிஞ்சிருக்கும்மா. பழைய கிழிசல், பெரிய ஓட்டை. பலமா அறைஞ்சா இப்படி ஆகும். முதல்லயே வந்திருந்தா தானே கூடியிருக்கும். காதுல எண்ணெய் ஏதாவது ஊத்தினீங்களா?"

"இல்லையே டாக்டர்" என்றாள் பச்சையம்மாள். வாய் தானாகச் சொன்ன பொய்.

"இந்தக் காது சுத்தமா கேக்கலை. கிளாஸ்ல எங்க உக்கார்றா? கடைசிலயா? அப்ப பாதிப் பாடம் இவகிட்ட வந்தே சேர்ந்திருக்காது. யாரும்மா அடிச்சது?"

சிந்து தரையைப் பார்த்தாள். பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருக்கும்போது அந்தப் பெண் என்ன சொல்லும்?

யார் அடித்தது! பச்சையம்மாளுக்கு ஒரே நிமிஷத்தில் பதில் கிடைத்துவிட்டது. பதில் அவள் மடியிலேயே, இரண்டு கையாக மடங்கிக் கிடந்தது; அதை அவள் பார்க்கவில்லை. பார்க்கிற தைரியம் யாருக்கு வரும்? அவள் கண்ணுக்கு முன்னால் வந்தது, ரெஜிஸ்டரைப் புரட்டிக்கொண்டே சிரித்த ஒரு மூக்குக் கண்ணாடி. கண்ணை மட்டும் விட்டுடுங்க என்றாளே, அந்தப் பாவி மிஸ் கண்ணை விட்டுவிட்டுக் காதைப் பிடித்திருக்கிறாள். வருஷா வருஷம் போய்த் தன் வாயாலேயே சொல்லிவிட்டு வந்தாளே. அட கடவுளே, காதையும் சேர்த்துச் சொல்லாமல் போனேனே என்று நெஞ்சில் குத்திக்கொண்டாள்.

நாலு நாளில் ஜுரம் இறங்கி, சிந்து பள்ளிக்குப் போன அன்றைக்குப் பச்சையம்மாள் வேன் ஏறவில்லை. நேராகப் பள்ளிக்குப் போனாள். வாட்ச்மேன் கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. மாடிப்படியை இரண்டு இரண்டாக ஏறி ஒன்பதாம் வகுப்புக்குள் நுழைந்தபோது பெர்னதெத் மிஸ் போர்டில் ஏதோ படம் வரைந்துகொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கக்கூட நேரம் கிடைக்கவில்லை. பின்னாலிருந்து கொண்டையைப் பிடித்து இழுத்த இழுப்பில் கண்ணாடி பறந்தது. முகத்தைப் போர்டில் ஒரு மோது மோதினாள். உதடு கிழிந்து, படத்தின் மேல் ரத்தம் இழுத்தது.

"என் பொண்ணு காதை ஏண்டி கிழிச்ச? கண்ணை விட்டுடுன்னா காதைப் புடுங்குவியா? நான் நம்பித்தானே உட்டேன்! நீயும் ஒரு பொம்பளையா?"

கன்னத்தில் அறை, மறு கன்னத்தில் அறை, கீழே விழுந்தவரை முதுகில் மிதித்தாள். கண்ணாடி செருப்புக்கடியில் நொறுங்கியது. நாற்பது பிள்ளைகள் வீரிட்டு அலறின, பெஞ்சுகள் கவிழ்ந்தன. கடைசிப் பெஞ்சிலிருந்து சிந்து ஓடி வந்து அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு இழுத்தாள். அவள் இழுப்பு எங்கே எடுபடும்? பக்கத்து வகுப்பு வாத்தியாரும் வாட்ச்மேனும் சேர்ந்துதான் அந்தக் கையை முறுக்கிப் பிடிக்க முடிந்தது.

ஹெட்மாஸ்டர் ரூமில் எல்லோரையும் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பெர்னதெத் மிஸ் வாயில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சீனிவாசராகவன் சாருக்குக் கோபத்தில் குரல் கம்மியது. போலீஸுக்குப் போன் பண்ண ரிசீவரை எடுத்தாயிற்று. "டி.சி.யை இன்னிக்கே எழுதிடறேன்" என்றார்.

"எழுதுங்க சார்! போலீசும் வரட்டும்! காது போன பொண்ணுக்கு நியாயம் சொல்லிட்டு எழுதுங்க!" என்று கத்திய பச்சையம்மாள், பக்கத்தில் நின்ற மகளைப் பார்த்துத் திரும்பினாள். "சொல்லுடி. சார் முன்னாடி சொல்லு. உன் காதைக் கிழிச்சது இவதானே?"

"ஆங்?" என்றாள் சிந்து. அம்மா நின்றது இடது பக்கம்.

பிறகு முழுதாகத் திரும்பி அம்மாவின் வாயைப் பார்த்தாள். பச்சையம்மாள் மறுபடியும் கேட்டாள்.

"மிஸ் அடிக்கல."

"பயப்படாதடி. நான் இருக்கேன்."

"மிஸ் ஒரு நாளும் என்னைத் தொட்டதில்லம்மா. நீதான்."

"நானா? எப்படி... நான் எப்ப..."

"ஏழாவது. செகண்ட் டெஸ்ட். மேத்ஸ்ல முப்பத்தொண்ணு. உன் மூக்குல ரத்தம் காஞ்சிருந்துச்சு. நீ செருப்போட உள்ள வந்த. அடிச்ச உடனே காதுக்குள்ள விசில் மாதிரி சத்தம் வந்துச்சு, அப்பறம் அதுவும் நின்னுடுச்சு. அதுக்கப்பறம் நீ எண்ணெய் ஊத்துன." ஒப்பிக்கிற பாடம் மாதிரி ஒரே குரலில் சொன்னாள். ஒரு பாடமும் மனதில் நிற்காத பெண் அந்த ஒரு நாளை ஒரு எழுத்து பிசகாமல் வைத்திருந்தாள்.

பச்சையம்மாளுக்கு எந்த நாள் என்றே நினைவு வரவில்லை. அத்தனை நாளில் எந்த அடி என்று அவளுக்கு எப்படித் தெரியும்? எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹெட்மாஸ்டர், வாட்ச்மேன், உதடு கிழிந்த மிஸ். அவமானம் தலைக்கேறியபோது அவள் உடம்புக்குத் தெரிந்தது ஒன்றுதான். கை தானாக ஓங்கியது.

சிந்து பின்வாங்கவில்லை. கண்ணை மூடவில்லை. இரண்டு கையையும் எடுத்து வலது காதை மட்டும் இறுகப் பொத்திக்கொண்டாள்.

"இதை விட்டுடும்மா. இதுலதான் கேக்குது."

ஓங்கிய கை அங்கேயே நின்றது. வாட்ச்மேன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பச்சையம்மாள் அந்தக் கையைக் கீழே இறக்கி, அது யாருடைய கையோ என்பது போலப் பார்த்தாள். அப்புறம் தரையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தாளா விழுந்தாளா, தெரியவில்லை. தன் தலையில் தானே அறைந்துகொண்டு ஒரு ஓலம் போட்டாள் பாருங்கள், மூன்றாம் மாடிப் பிள்ளைகளுக்கும் கேட்டிருக்கும்.

பெர்னதெத் மிஸ் கைக்குட்டையை எடுத்தார். பேச்சு குழறியது.

"போன் வேணாம் சார். டி.சி.யும் வேணாம். ரெண்டு வருஷமா இவளைக் கடைசி பெஞ்சுல உக்கார வெச்சது நான். காப்பி அடிக்கிறான்னு திட்டினதும் நான். ஒரு தடவை கிட்ட கூப்பிட்டு என்னன்னு கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்." கைக்குட்டையால் உதட்டை ஒற்றிக்கொண்டார். "முதல் பெஞ்சுல, வலது காது என் பக்கம் இருக்கிற மாதிரி ஒரு இடம் குடுங்க. பரீட்சை வரைக்கும் பாக்கலாம். ஆனா இந்தம்மா இனிமே கேட்டைத் தாண்டி உள்ள வரக் கூடாது. எனக்குப் பயமா இருக்கு."

சீனிவாசராகவன் அதை ஒரு தாளில் எழுதினார். பச்சையம்மாள் கையெழுத்துப் போட்டாள்.

அதற்கப்புறம் அவள் சிந்துவை அடிக்கவில்லை. இதைச் சொன்னால் நம்புவீர்களோ இல்லையோ, அது அவளுக்குச் சுலபமாகவும் இல்லை. கை எழும்பும்போதெல்லாம் அதை முந்தானைக்குள் சுருட்டிக்கொள்வாள். கோவிந்தராஜன் மருந்துச் சொட்டு விடுவான். ஏப்ரல் விடுமுறையில் காதுக்குள் ஒட்டுப் போடலாம் என்று டாக்டர் தேதி கொடுத்திருந்தார், கேட்கும் என்று சத்தியம் பண்ணவில்லை. சிந்து நோட்டில் வெற்றுக்கோடு குறைந்தது. ஒரு நாள் பச்சையம்மாள் அந்த நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, நிரம்பிய பக்கத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

ஏப்ரலில் ரிசல்ட் அன்றைக்கு அவள் கேட்டுக்கு வெளியே, மேம்பாலத்துத் தூண் நிழலில் நின்றாள். உள்ளே போகக் கூடாதே. பத்து மணியிலிருந்து நின்றாள், பதினொன்றரைக்குத்தான் சிந்து வெளியே வந்தாள். ஓடி வந்தாள். அந்தப் பெண் ஓடி அவள் பார்த்து எத்தனை வருஷமாயிற்று!

"அம்மா! டென்த் போயிட்டேன்! சயின்ஸ்ல அம்பத்தாறு! எல்லாத்துலயும் பாஸ்!"

கார்மெண்ட்ஸ் கேட் இல்லை, நூல் வெட்டுகிற வரிசை இல்லை, என் பெண் பத்தாவது. ஊர்க் கண்ணெல்லாம் படுமே என்று, எல்லாத் தாயும் செய்கிற மாதிரி, மகள் முகத்தைச் சுற்றி வழித்துத் தன் நெற்றிப்பொட்டில் நெட்டி முறிக்க இரண்டு கையையும் தூக்கினாள்.

சிந்துவின் சிரிப்பு அப்படியே நின்றது. மார்க் கார்டு கீழே விழுந்தது. இரண்டு கையும் பறந்து போய் வலது காதைப் பொத்திக்கொண்டன.

"அடிக்கலடி... நெட்டி முறிக்கத்தான்டி தூக்குனேன், கண்ணு... அம்மா அடிக்கலடி" என்றாள் பச்சையம்மாள். மறுபடியும் சொன்னாள். தூக்கிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றுகொண்டே மூன்றாம் தடவையும் சொன்னாள்.

கேட்கிற காதைப் பொத்திக்கொண்டிருந்த சிந்துவுக்கு அது ஒன்றும் கேட்கவில்லை.